கூட யாரு இருக்கா?

வணக்கம்.

இந்த உரைக்காக வானொலி நிலையத்திலிருந்து பேசியவர், "உங்க பேரை என்னன்னு சொல்லி அறிமுகப்படுத்தட்டும்?" என்று கேட்டார். பெயர் வேண்டாமே என்றேன். வெட்கத்தினால் இல்லை. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகிறவன் நான். அந்த அமைப்பு 1950-இல் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் பதினோராவது, பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் உறுப்பினர்கள் தங்கள் பெயரை வெளிப்படுத்தக் கூடாது என்கிறது. வானொலி என்று குறிப்பிட்டே சொல்லியிருக்கிறது. என்னைப் போல ஒருவன் என்றைக்காவது மைக்கின் முன்னால் வந்து உட்காருவான் என்று அன்றைக்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நான் பேச வந்திருப்பவரும் எங்கள் கூட்டத்துக்காரர்தான். அதனால் அவர் பெயரும் கிடையாது. அண்ணன் என்றே சொல்கிறேன். எங்கள் மறுவாழ்வு மையத்தில் எழுபது வயதுக்காரர்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார். குடிநோய் ஆலோசகர் என்பது அவர் வேலை. 'கவுன்சிலர்' என்று சொன்னால் சிலர் தேர்தலில் நின்று ஜெயித்தவர் என்று நினைத்துக்கொண்டு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முறையிடுவார்கள். அவரும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வார். சில மாதங்களுக்கு முன்னால் அவர் காலமானார்.

முதல் தடவை அவர் எதிரே உட்கார்ந்தபோது என் இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. மேசைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தேன். அவர் கையைப் பார்க்கவில்லை. "கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். குற்றவாளியை விசாரிக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணி, "நாலு நாளாச்சு" என்று பொய் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இது போலீஸ் ஸ்டேஷன் இல்ல தம்பி. மணிக்கணக்கு தெரியணும், அதுக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

அந்த மணிக்கணக்கு எதற்கென்று பிற்பாடுதான் புரிந்தது. பல காலம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்குக் காய்ச்சல், குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று முற்றிப்போய், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். 'ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிடுங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று குடும்பத்தாருக்கு யோசனை சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அண்ணனுக்கு அவர்கள் மேல் தீராத கோபம். அன்றைக்கு என்னிடம் அவர் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. நேராக மருத்துவரிடம் அழைத்துப்போய் உட்கார வைத்தார். "நாம பேசறதெல்லாம் அப்புறம். மொதல்ல நீங்க உயிரோட இருக்கணும்" என்றார்.

அப்புறம் பேசினோம். சரியாகச் சொன்னால், நான் பேசினேன், அவர் கேட்டார். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. யாராவது திட்டுவார்கள், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தலாம் என்று தயாராகப் போயிருந்தேன். குடி குடியைக் கெடுக்கும் என்ற வாசகத்தை ஆயிரம் தடவை படித்தவன் நான். படித்துக்கொண்டே மூடியைத் திருகியவன். அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை. "குடியில உங்களுக்குப் பிடிச்சது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "பிடிக்காதது?" சொல்ல ஆரம்பித்தேன், ஒரு மணி நேரம் ஆயிற்று. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-இல் எழுதிவைத்த முறை இது. குடிப்பவனை நாம் தள்ளத் தள்ள அவன் குடியின் பக்கம் நின்று வாதாடுவான். தள்ளாமல் விட்டால், மாற வேண்டிய காரணங்களை அவன் வாயாலேயே சொல்வான். அண்ணன் இதைப் பயிற்சி வகுப்பில் படித்தாராம். ஆனால் அதற்கு முன்பே, தன்னைத் திருத்த வந்தவர்களிடம் தான் எப்படியெல்லாம் வாதாடினோம் என்பதை நினைத்துப் பார்த்தே பாதி கற்றுக்கொண்டதாகச் சொல்வார்.

இப்போது நான் குடியை விட்டு 11 ஆண்டுகள் ஆகின்றன. இதைச் சொன்னால் கேட்பவர்கள் கைதட்டுவார்கள். அதற்கு முன்னால் மூன்று தடவை விழுந்தேன் என்று சொன்னால் அவ்வளவு சத்தம் இருக்காது. ஆனால் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்த மூன்று தடவையைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் தடவை, 43-ஆவது நாள். ஒரே ஒரு பெக். அதைக் குடித்த உடனே தலைக்குள் ஒரு குரல்: 'போச்சு, எல்லாம் போச்சு. இனி ஒண்ணா இருந்தா என்ன, ஒன்பதா இருந்தா என்ன?' ஒரு பெக் ஐந்து மாதமாக நீண்டது. ஆலன் மார்லட் என்ற ஆய்வாளர் இந்தக் குரலைத்தான் ஆராய்ந்தார். ஒரு தடவை சறுக்குவது வேறு, பழையபடி முழுக் குடிக்குத் திரும்புவது வேறு. முதலாவதை இரண்டாவதாக்குவதில் அந்த ஒரு பெக்கைவிட, அதற்குப் பிறகு வரும் அவமானத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றார். அண்ணனுக்கு மார்லட் பெயர் அடிக்கடி மறந்துபோகும். விஷயம் மறக்காது.

ஐந்து மாதம் கழித்து ஓர் இரவு, போதையில், அவருக்கு போன் செய்தேன். "குடிச்சுட்டேன் அண்ணே."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. "இப்ப எங்க இருக்க?" என்றார். அப்புறம், "கூட யாரு இருக்கா?" அப்புறம், "எத்தனை நாளா?" கடைசியில், "நாளைக்கு எத்தனை மணிக்கு வர்ற?" அவ்வளவுதான். முதல் தடவையாக அன்றைக்குத்தான் என்னை 'நீ' என்று ஒருமையில் பேசினார்.

பல வருடம் கழித்து, நான் அங்கேயே தொண்டராக உதவ ஆரம்பித்த பிறகு, அந்தக் கேள்விகளின் வரிசையை அவர் விளக்கினார். எங்கே என்று கேட்பது, சாலையோரத்திலா மொட்டை மாடியிலா என்று தெரிந்துகொள்ள. யார் கூட என்று கேட்பது, தனியாக இருப்பவன் தன் உயிரை ஏதாவது செய்துகொள்ளக் கூடாதே என்பதற்காக. எத்தனை நாள் என்பது பழைய மணிக்கணக்கு. "ஏன்னு கேட்டா அவன் ஒரு கதை சொல்லணும். போதையில இருக்கறவன்கிட்ட நல்ல கதைகள் நெறைய இருக்கும். நமக்கு அது வேண்டாம்."

மறுநாள் போனேன். "43 நாள் வீணாப்போச்சே அண்ணே" என்று அழுதேன். "எங்க போச்சு? 43 நாள் உன்னால முடியும்னு தெரிஞ்சுபோச்சு. 43-ஆவது நாள் சாயங்காலம் என்ன நடந்ததுன்னு சொல்லு" என்று நோட்டை எடுத்தார்.

அவருக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். பங்கு வணிகத்தில் இருந்த பில் வில்சன் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வந்த வேலை கெட்டுப்போய் ஹோட்டல் கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறு பக்கம் தொலைபேசி. போனை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று ஊரில் உள்ள பாதிரியார்களைக் கேட்கத் தொடங்கினார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார். எல்லோரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அண்ணன் நிறுத்தமாட்டார். சில வாரம் கழித்து, டாக்டர் பாப் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனார். போன இடத்தில் குடித்தார். திரும்பி வந்து, அறுவை சிகிச்சைக்குப் போகும் காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு பீர் குடித்தார். அதுதான் அவருடைய கடைசிக் குடி. ஜூன் 10, 1935 என்று அந்த நாளைக் குறித்து, அதையே தன் தொடக்க நாளாக ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கொண்டாடுகிறது.

"அவங்க சந்திச்ச நாளை வெச்சிருக்கலாம்ல? வெக்கல. விழுந்து எழுந்து வந்த நாளைத்தான் வெச்சாங்க," என்பார் அண்ணன். அறையில் புதிதாக விழுந்துவிட்டு வந்தவர் யாராவது இருந்தால், அன்றைக்குக் கட்டாயம் இந்தக் கதை வரும். கதை தொடங்கினாலே பழைய ஆட்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், இன்றைக்கு யார் என்று.

அவர் குரலை உயர்த்தி நான் பார்த்தது ஒரு தடவைதான், அதுவும் என் வீட்டு விஷயத்தில். இரண்டாவது தடவை நான் விழுந்திருந்தபோது, யாரோ சொன்னார்கள் என்று, எனக்குத் தெரியாமல் சாப்பாட்டில் டைசல்பிராம் மாத்திரையைப் பொடித்துக் கலந்துவிட்டார்கள். டென்மார்க்கில் இரண்டு ஆய்வாளர்கள் வயிற்றுப் புழுவுக்காகச் சோதித்துக்கொண்டிருந்த மருந்து அது. தாங்களே விழுங்கிப் பார்த்தபோது, அதன்மேல் மது குடித்தால் உடம்பு படாதபாடு படுவதைக் கண்டார்கள். 1948-இல் அது குடிநோய் மருந்தாக வெளியே வந்தது. மது உடம்பில் பாதி உடைந்த நிலையில் நின்றுபோய் நச்சாகத் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடுபவருக்கு அது நல்ல துணை. எனக்குத் தெரியவே தெரியாது. குடித்தேன், சுருண்டு விழுந்தேன், ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தேன்.

அண்ணன் வந்து என் வீட்டாரிடம் கத்தினார். "அவன் செத்திருந்தா? அதை விடுங்க, பொழைச்சுட்டான். இனிமே நீங்க போடற சோத்தை அவன் நம்பிச் சாப்பிடுவானா?" அப்புறம் உடனே தணிந்து, என் மனைவி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் குழுக்களில் சொல்லும் மூன்று வரியை அவளுக்குச் சொன்னார்: இதை நீ உண்டாக்கவில்லை, உன்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, உன்னால் இதைக் குணப்படுத்தவும் முடியாது. எனக்கு அந்த வரிகள் கொஞ்சம் கல்நெஞ்சாகத்தான் பட்டன. அவளோ, கல்யாணமாகி முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினது அன்றைக்குத்தான் என்று இன்றும் சொல்கிறாள். யாருக்காகச் சொல்லப்பட்ட வரிகள் என்பதையே நான் புரிந்துகொள்ளவில்லை.

இப்படியே பேசிக்கொண்டு போனால் அவரை மாலை போட்ட படமாக ஆக்கிவிடுவேன். அவருக்குப் பிடிக்காது. அவர் எழுத வேண்டிய பதிவேடுகள் பாதி வெறுமையாகவே கிடக்கும். சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளிடம் அவருக்குக் கொஞ்சம் பொறுமை குறைவு. அது நியாயமில்லை என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். தான் குடித்த காலத்தில் தன் கூடப்பிறந்த அண்ணனுடைய பணத்தை மொத்தமாக அழித்திருந்தார். குடியிலிருந்து மீள ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சொல்லும் பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது, நாம் தீங்கு செய்தவர்களிடம் போய் ஈடுசெய்யச் சொல்கிறது. கடிதம் எழுதினார், பணமும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார். பணம் திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை. அதைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு தடவை சொன்னார். பாடம் ஏதாவது சொல்லி முடிப்பார் என்று காத்திருந்தோம். "அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

சிகரெட்டும் இருந்தது. குடியை விட்ட மனிதரால் அதை மட்டும் விட முடியவில்லை. குடிநோயிலிருந்து மீண்டவர்களில் பலரைக் கொண்டுபோவது புகைதான். பில் வில்சனே நுரையீரல் கெட்டுத்தான் 1971-இல் இறந்தார். அண்ணனுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே பற்றவைப்பார். "ஊருக்குத்தான் உபதேசமா அண்ணே?" என்று கேட்டால், "உபதேசம் நான் எப்படா பண்ணினேன்?" என்பார். பதில் சரிதான். ஆனாலும், ஆக்ஸிஜன் குழாயோடு அவர் படுத்துக்கிடந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை.

அவர் போன பிறகு, அவருடைய மகள் அந்த போன் நம்பரை நிறுத்தாமல் வைத்திருந்தாள். ஒரு நாள் போனை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "ராத்திரியில அடிச்சுக்கிட்டே இருக்கு மாமா, நீங்களே வெச்சுக்குங்க" என்றாள்.

மூன்றாம் நாள் இரவு அடித்தது. எடுத்தேன். "அண்ணே, குடிச்சுட்டேன்." சின்னப் பையன் குரல். அண்ணன் இறந்தது அவனுக்குத் தெரியாது. 11 வருடமாக அவர் பக்கத்தில் இருந்து எல்லாம் கற்றுக்கொண்ட நான், வாயைத் திறந்து முதலில் கேட்டது என்ன தெரியுமா? "ஏன்ப்பா குடிச்ச?"

போன் கட்டாகிவிட்டது.

நானே திருப்பி அடித்தேன். நாலாவது தடவைதான் எடுத்தான். "இப்ப எங்கப்பா இருக்க?" என்றேன். வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதாகவும், உள்ளே போகப் பயமாக இருப்பதாகவும் சொன்னான். "கூட யாரு இருக்கா?" தெரு நாய் ஒன்று படுத்திருக்கிறதாம். உள்ளே யார் விழித்திருக்கிறார்கள் என்று கேட்டேன், அக்கா என்றான். அக்கா கதவைத் திறந்து அவனை உள்ளே கூட்டிப்போகும் வரைக்கும் போனை வைக்கவில்லை. இது யார் பேசுகிறது, அண்ணன் எங்கே என்று நடுவில் கேட்டான். நேரில் சொல்கிறேன் என்றேன். காலையில் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னான்.

பத்துக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. பன்னிரண்டரைக்கு அக்காவோடு வந்தான்.