கடைசிப் பக்கம் கிழிஞ்ச பேய்க் கதை

(நம்ம ஊர் வாசகர் வட்டத்துல கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பேசினது. எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க, ஞாபகத்துல இருந்து எழுதியிருக்கேன். கைதட்டல நானா எங்கயும் சேத்துக்கல.)

எல்லாருக்கும் வணக்கம். தலைமை ஏத்திருக்கற பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வேற ரெண்டு விசேஷத்துக்குப் போகவேண்டியிருந்தும் இங்க வந்து உக்காந்திருக்கற வார்டு கவுன்சிலர் அண்ணாச்சி அவர்களே, பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியை அவர்களே, நாலு நாள்ல பெரிய பண்டிகைய வச்சுக்கிட்டு குடில் வேலையெல்லாம் விட்டுட்டு வந்திருக்கற ஃபாதர் அவர்களே, ஜமாத் தலைவர் பாய் அவர்களே, மைக் செட்டுக்குக் காசே வாங்க மாட்டேன்னு சொன்ன தம்பி அவர்களே, முக்கியமா நம்ம நூலகர் அம்மா அவர்களே. யாரு பேராவது விட்டுப்போச்சுன்னா கோவிச்சுக்காதீங்க, போன வருஷம் ஒருத்தர விட்டுட்டேன், இன்னிக்கு வரைக்கும் என் வீட்டுப் பக்கம் வர்றதில்ல.

பண்டிகை லீவுல கதை படிக்கறதப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. மூணு விஷயம் சொல்லப்போறேன். குளிர்காலப் பண்டிகைக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம், ஐஸ்லாந்துக்காரங்க என்ன செய்யறாங்க, பிள்ளைங்களுக்கு வாய்விட்டு எப்படி வாசிச்சுக் காட்டறது. இந்த மூணுதான், அரை மணி நேரத்துல முடிச்சிருவேன்.

மொதல்ல ஒரு பழமொழி. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான். என்னத் தெரிஞ்சவங்க இப்பவே சிரிக்கறாங்க, நான் எந்த மேடை ஏறினாலும் இது வந்துரும். நூலகர் அம்மா, உங்களச் சொல்லலம்மா, எங்க போய் முடியுதுன்னு பாருங்க.

இங்கிலாந்துல டிசம்பர் மாசம் சாயந்தரம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும். வெளிய பனி, உள்ள கணப்பு, மொத்தக் குடும்பமும் ஒரே ரூம்ல. அப்புறம் என்ன செய்வாங்க, கதைதான், அதுவும் பேய்க் கதை. நமக்கு ஆச்சரியமா இருக்கும், ஏசு பொறந்த நாள்ல எதுக்குப் பேய்னு. ஆனா ராத்திரி நீளமா இருந்தா பேய்க்குக் கொண்டாட்டம்தானே. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ்ல எம்.ஆர். ஜேம்ஸ்னு ஒரு பெரிய படிப்பாளி, கிறிஸ்துமஸ் சமயம் நண்பர்கள ரூமுக்குக் கூப்பிட்டு, தான் எழுதின பேய்க் கதையத் தானே வாசிச்சுக் காட்டுவாராம்.

ஆனா இந்த வகைக் கதைக்கெல்லாம் பெரிய பேரு வாங்கிக் குடுத்தது சார்லஸ் டிக்கன்ஸ்தான். 1843 டிசம்பர் 19, 'எ கிறிஸ்துமஸ் கேரல்' வருது. ஆறே வாரத்துல எழுதின சின்ன புஸ்தகம். அச்சடிச்ச 6,000 பிரதியும் கிறிஸ்துமஸுக்குள்ள காலி. ஸ்க்ரூஜ்னு ஒரு கருமி, அவன்கிட்ட வேலை பாக்கற குமாஸ்தா பாப் கிராட்சிட், அவரோட கால் முடியாத பையன் டைனி டிம், ஒரே ராத்திரில வர்ற பேய்கள். கதை தெரியாதவங்க கம்மி, அதனால முழுசா சொல்லல. சொல்லாம விடறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அந்தக் கதையோட முடிவே எனக்கு ரொம்ப வருஷம் தெரியாது.

1980. நான் எட்டாங் கிளாஸ். அரையாண்டு லீவு. புதன்கிழமை சாயந்தரம் நூலகம் பூட்டற நேரத்துல ஓடிப்போய் ஒரு புக்கு எடுத்தேன், இந்தக் கதையத் தமிழ்ல சுருக்கி எழுதினது. அட்டைல நைட்டுச் சட்டை போட்ட கிழவன் மெழுகுவத்தி வச்சிருப்பான். மறுநாள் கிறிஸ்துமஸ், எங்க தெருவுல ஞானஸ்நானம் வாங்கின வீடு பாதி, வாங்காத வீடு பாதி, எல்லா வீட்லயும் கேக்குதான். நான் திண்ணைல உக்காந்து படிக்கறேன். மொதப் பேய் வந்துச்சு, ரெண்டாவது வந்துச்சு, மூணாவது பேய் வாயே தொறக்காம ஸ்க்ரூஜக் கூட்டிட்டுப் போய் ஒரு கல்லறையக் காட்டுது. கல்லுல அவன் பேரே எழுதியிருக்கு. பக்கத்தத் திருப்பறேன், அட்டை! கடைசிப் பக்கமெல்லாம் எவனோ கிழிச்சுட்டான்.

எனக்குச் சோறு இறங்கல. ஆச்சிகிட்ட போய் கதை பூரா சொல்லி, "இதுக்கு மேல என்ன ஆயிருக்கும் ஆச்சி?"ன்னு கேட்டேன். ஆச்சி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: "ஏல, அவன் சொத்த யாரு பேருக்கு எழுதி வச்சான்?" எழுதலன்னேன். "அப்ப மருமகன்காரன் வந்து புடுங்கிருவான், கதை அவ்வளவுதான்"னுட்டு வெத்தலைய மடிக்க ஆரம்பிச்சிட்டா. டீக்கடை மாஸ்டர்கிட்ட போனேன். அவரு பாய்லர் பக்கத்துல நின்னுக்கிட்டு ரொம்ப யோசிச்சு, "தம்பி, இதுல ட்விஸ்ட் இருக்கு, அவன் ஏற்கனவே செத்துட்டான், இப்ப அவன்தான் நாலாவது பேயி"ன்னாரு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. சைக்கிள் கடைக்காரர் சொன்னது இன்னும் மோசம், அந்தக் குமாஸ்தா அவனக் கொன்னுட்டானாம், "சம்பளம் குடுக்காதவன எவன் விடுவான்?"னு கேக்கறாரு. அவருக்கு அவரு முதலாளி மேல என்ன கோவமோ. எங்க கணக்கு வாத்தியார் மட்டும், "திருந்திருவாம்ல, திருந்தலன்னா எவன் காசு குடுத்து வாங்குவான்"னாரு. யாரு சொன்னத நம்பறது? வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்கே நூலகத்து வாசல்ல போய் நின்னேன், வேற பிரதி இருக்கான்னு கேக்கலாம்னு. பூட்டு. வியாழன் கிறிஸ்துமஸ் லீவு, வெள்ளி வார விடுமுறை. உள்ள அலமாரி தெரியுது ஜன்னல் வழியா, கைதான் எட்டல. சனிக்கிழமை தொறந்தாங்க, அந்த ஒரு பிரதிதான் இருக்குன்னாங்க. கிழிச்சது நான்தான்னு சந்தேகம் வேற!

அந்த முடிவ நான் படிச்சது 1991-ல, மெட்ராஸ்ல வேலை தேடிட்டு இருந்தப்ப, திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துப் பழைய புஸ்தகக் கடைல. நின்னுக்கிட்டே படிச்சேன், வாங்கக் காசில்ல. கணக்கு வாத்தியார் சொன்னதுதான் சரி. ஸ்க்ரூஜ் எந்திரிச்சு ஜன்னலத் தொறந்து தெருவுல போற பையன்கிட்ட, "இன்னிக்கு என்ன நாளு?"ன்னு கேக்கறான் பாருங்க, அங்க எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பதினோரு வருஷம் அந்த மனுஷன் கல்லறை முன்னாடியே நின்னுட்டு இருந்தான் எனக்கு.

சாமி வரம் குடுத்தாச்சு. டிக்கன்ஸ் எழுதிட்டாரு, ஒருத்தர் தமிழ்ல ஆக்கிட்டாரு, அரசாங்கம் வாங்கி வச்சிருச்சு. பூசாரி யாரு? நூலகரா? இல்ல. அந்தப் பூட்டு.

டிக்கன்ஸுக்கே இந்தப் பிரச்சனை இருந்துச்சு. ஏழைங்களுக்காக எழுதின புஸ்தகம், விலை அஞ்சு ஷில்லிங். கதைல வர்ற கிராட்சிட்டோட வாரச் சம்பளம் பதினஞ்சு ஷில்லிங். அதாவது அந்தக் குமாஸ்தா தன் கதையத் தானே படிக்கணும்னா சம்பளத்துல மூணுல ஒரு பங்கு போகணும். அட்டை, கலர் படம்னு இழைச்சதுல அவருக்கும் ஒண்ணும் நிக்கல, ஆயிரம் பவுண்டு வரும்னு நெனச்சாரு, மொதப் பதிப்புல வந்தது 230. அப்புறம் பத்து வருஷம் கழிச்சு, 1853 டிசம்பர்ல பர்மிங்காம் டவுன் ஹால்ல அவரே மேடையேறி அந்தக் கதைய வாசிச்சாரு. ஒரு நாள் தொழிலாளிங்களுக்குன்னே கம்மி டிக்கெட்ல வைக்கணும்னு அடம்புடிச்சு, 30-ஆம் தேதி வாசிச்சாரு. பண்டிகைச் சமயம், கவனிங்க. ஜனங்க எப்ப சும்மா இருக்காங்களோ அப்பதான் கதவு தொறக்கணும்.

சரி, ஐஸ்லாந்து. அங்க ஒரு வழக்கம், பேரச் சொல்ல எனக்கு நாக்கு வளையல, அர்த்தம் கிறிஸ்துமஸ் புத்தக வெள்ளம். (நம்ம தென்மாவட்டத்துக்கு டிசம்பர் வெள்ளம்னா 2023 ஞாபகம்தான் வருது, இது நல்ல வெள்ளம்.) ரெண்டாம் உலகப்போர்ல இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, பரிசு குடுக்க வேற பொருள் கிடைக்கல, காகிதம் கிடைச்சுது, அதனால புஸ்தகம். 1944-ல இருந்து வருஷா வருஷம் புதுப் புஸ்தகப் பட்டியல் ஒண்ணு வந்துருது, 24-ஆம் தேதி ராத்திரி பரிசப் பிரிக்கறாங்க, படிக்கறாங்க. அந்த நாட்டு மொத்த ஜனத்தொகை நாலு லட்சத்துக்குள்ள. தலைவர் அம்மா, நான் பட்டியல் எல்லாம் கேக்கலம்மா, சாவி மட்டும் கேக்கறேன்.

ஏன்னா இந்த வருஷக் காலண்டரப் பாருங்க. கிறிஸ்துமஸ் வியாழன், மறுநாள் வெள்ளி. புது வருஷம் வியாழன், மறுநாள் வெள்ளி. பொங்கலும் வியாழன்! பள்ளிக்கூடம் நடக்கறப்ப நூலகம் தொறந்திருக்கு, பிள்ளைங்களால வர முடியல, பள்ளிக்கூடம் லீவு விட்டா இங்கயும் பூட்டு. நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லயே நூலக விதி அஞ்ச எழுதினாரு. மொதல் விதி, புஸ்தகம் பயன்படறதுக்குத்தான். அத விளக்கறப்பவே நூலகம் எந்நேரம் தொறந்திருக்கணும்னும் எழுதறாரு. 1948-லயே சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்மளுது, சொத்து வரியோட நூலக வரியும் கட்டறோம், அப்புறமும் சாமி வரம் குடுத்து பூசாரி குடுக்கலன்னா எப்படி?

நூலகர் அம்மாவோட லீவப் புடுங்கச் சொல்லல, அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. வாசகர் வட்டத்துல எட்டுப் பேரு பேரு குடுத்திருக்கோம், பண்டிகை நாள்ல காலைல மூணு மணி நேரம், படிக்கற ஹால் மட்டும், நாங்க உக்காந்துக்கறோம். அப்புறம் லீவுக்கு ஒரு கார்டுக்கு ரெண்டு புக்கு கூடுதலா. அவ்வளவுதான் மனு, மாவட்ட நூலக அலுவலருக்கு.

மூணாவது விஷயம், வாசிச்சுக் காட்டறது... மைக் தம்பி கடிகாரத்தக் காட்டறாரு. அது அடுத்த கூட்டத்துக்கு. மனு நோட்டு டீ அண்டா பக்கத்துல கயிறு கட்டித் தொங்குது, பேனாவும் சேத்துத்தான் கட்டியிருக்கு. கையெழுத்து போட்டுட்டு டீ குடிங்க, குடிச்சிட்டுப் போடறேன்னு போனவங்க போன வருஷம் நாப்பது பேரு.