ஊசலைப் பின்தொடரும் கண்

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரையைக் கேட்டுக்கொண்டே ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். எதிரே உள்ள சுவரின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, நடுவில் எங்கும் நிற்காமல், ஒரே சீராகப் பார்வையை நகர்த்த முயலுங்கள். நகர்த்திவிட்டதாகவே உங்களுக்குத் தோன்றும். ஆனால், பக்கத்தில் இருப்பவர் உங்கள் விழிகளைக் கவனித்தால், அவை விட்டுவிட்டுத் தாவித்தான் போயின என்று சொல்வார். அடுத்து, உங்கள் விரலை முகத்துக்கு முன்னால் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தி, அதன் நுனியைப் பாருங்கள். இப்போது விழி தாவாது, வழுக்கிக்கொண்டு போகும்.

இந்த வழுக்கு நகர்வுக்குப் பின்தொடர் விழியசைவு என்று பெயர். விழித்திரையின் நடுவிலுள்ள ஒரு சிறு குழிக்குத்தான் மிகக் கூர்மையான பார்வை உண்டு. நகரும் பொருளின் பிம்பம் அந்தக் குழியை விட்டு விலகாதிருக்க வேண்டுமானால், பொருளின் வேகத்தை அளந்து, அடுத்த கணம் அது எங்கே இருக்கும் என்பதையும் முன்கூட்டியே ஊகித்து, விழித் தசைகளுக்கு மூளை இடைவிடாமல் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஊகம் பிந்தினால் விழியும் பிந்தும். பிந்திய தூரத்தை ஒரே தாவலில் எட்டிப்பிடிக்கும். எல்லோருக்கும் எப்போதாவது இது நேர்வதுண்டு.

1908-இல், அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஆலன் டிஃபெண்டார்ஃபும் உளவியலாளர் ரேமண்ட் டாட்ஜும், மனநோயாளிகளை ஆடும் ஊசலைப் பார்க்கச் சொல்லி, விழியின் அசைவைப் புகைப்படமாகப் பதிவுசெய்தனர். நலமுள்ளவரின் பதிவு அலைபோல் வளைந்து செல்லும். இன்று மனச்சிதைவு என்று நாம் அழைக்கும் நோய் உடையவர்களின் பதிவிலோ அலை உடைந்து, படிக்கட்டுபோல் இருந்தது. அதே ஆண்டில்தான் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் ப்ளூலர் இந்நோய்க்கு ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயரை முன்வைத்தார். மனச்சிதைவுக்கான மாத்திரைகள் வர இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. ஆகவே, இந்தத் தடுமாற்றம் மருந்தால் வந்தது என்று அந்த முதல் பதிவைத் தள்ளிவிட முடியாது.

பிறகு இந்தக் கண்டுபிடிப்பைப் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1973-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிலிப் ஹோல்ஸ்மனும் அவருடைய குழுவினரும் அதை மீட்டெடுத்தார்கள். நோயாளிகளின் கவனம் சிதறுவதுதான் காரணம் என்று சிலர் வாதிட்டனர். ஊசலின் மேல் எண்களை எழுதி வாசிக்கச் சொன்னபோது பதிவு ஓரளவு சீரானதும் உண்மை, ஆனால் நலமுள்ளவர்களுடனான வேறுபாடு மறையவில்லை. என் கணிப்பில் அதைவிட முக்கியமானது 1974-இல் வெளிவந்த முடிவு. நோயாளிகளின் நோயே இல்லாத பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரிலும் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரின் கண்கள் ஊசலைச் சீராகப் பின்தொடரவில்லை. பொதுமக்களிடையே அந்த அளவு 8 விழுக்காடு அளவில்தான் இருந்தது. பின்னர் நார்வேயின் இரட்டையர்களைச் சோதித்தபோது, ஒரே கருவிலிருந்து பிறந்த இருவரில் ஒருவர் மட்டுமே நோயுற்றிருந்தாலும், மற்றவரின் கண்ணிலும் அதே குறை தென்பட்டது.

அப்படியானால், குடும்பத்தில் இறங்கி வருவது நோய் மட்டும் அன்று. நோயாக மலராமலே தங்கிவிடக்கூடிய ஒரு சாய்வும் வருகிறது, கண்ணசைவு அதன் வெளித்தடயம். மரபணுவுக்கும் நோய்க்கும் நடுவில் நிற்கும் இத்தகைய பண்பை உள்தோற்றப் பண்பு எனலாம். மனநல மரபியலில் இக்கருத்தை ஊன்றியவர்கள் இர்விங் காட்டெஸ்மனும் ஜேம்ஸ் ஷீல்ட்ஸும்.

மற்றொரு சோதனையும் உண்டு. திரையில் வலப்புறம் ஒளிப்புள்ளி தோன்றினால் இடப்புறம் பார்க்க வேண்டும். நலமுள்ளவரே ஐந்துக்கு ஒரு முறை ஏமாந்து புள்ளியைப் பார்த்துவிடுவார். மனச்சிதைவு உள்ளவர் அதைவிடப் பலமுறை ஏமாறுவார். ஆனால் உடனே விழியைத் திருப்பிச் சரிசெய்துகொள்வார். கட்டளை புரியாமல் செய்த பிழை அன்று அது. புரிந்தும் தடுக்க முடியாத பிழை.

ஒரே மரபணுவே கண்ணையும் நோயையும் ஆட்டிவைக்கிறதோ என்று ஹோல்ஸ்மன் கருதியதுண்டு. 1990-களில் ஆறாவது குரோமோசோம் பக்கம் சில தடயங்களும் கிடைத்தன. 2022-இல் வெளியான பெரும் ஆய்வு, மனச்சிதைவோடு தொடர்புடைய இடங்களாக மரபணுத் தொகுதியில் 287-ஐச் சுட்டியது. ஒற்றை மரபணு என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை.

வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், பேனாவை ஆட்டி மற்றவர்களின் கண்ணைச் சோதிக்கத் தோன்றலாம். ஆனால் தூக்கமின்மை, மது, தூக்க மாத்திரை, லித்தியம் என்ற மனநல மருந்து ஆகியவையும் பார்க்கின்சன் நோயும் இதே தடுமாற்றத்தைத் தரும். இருதுருவ மனநோயிலும் இது காணப்படுகிறது. இவை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். ஆயிரம் பேரில் வாழ்நாளில் மனச்சிதைவுக்கு ஆளாவோர் ஏறத்தாழ பத்துப் பேர். கண் சீராகப் பின்தொடராதவர்களோ எண்பது பேர் அளவில் இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் இந்த எண்பதுக்குள்ளேயே அடங்குவதாகக் கொண்டாலும், மீதி எழுபது பேருக்கு அந்நோய் வாழ்நாளில் ஒருபோதும் வருவதில்லை.