எந்த ஆண்டின் நிறம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் மலேசியாவில், பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ரப்பர் ஆலையில் நீண்ட காலம் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். அங்கே ஷீட் அடிக்கும் உருளை இயந்திரம் ஒன்று இருந்தது. ஒருமுறை அதற்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். பழைய பூச்சைச் சுரண்டாமல் புதியதை அடித்தால் ஆறு மாதத்தில் உரிந்துவிடும். எனவே பல்சக்கர மூடியின் ஓரத்தில் உப்புத்தாளை வைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். காசளவு இடத்தில், வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியதுபோல, வளையம் வளையமாக நிறங்கள் தெரிந்தன. மேலே வெளிர்நீலம், அதற்கடியில் சாம்பல், அதற்கடியில் கரும்பச்சை, கடைசியில் செங்காவி அடிப்பூச்சு, பிறகு இரும்பு.

பக்கத்தில் நின்ற பழைய தண்டல், தோட்ட வேலையை மேற்பார்வை பார்த்தவர், குனிந்து பார்த்தார். "இந்தப் பச்சை பெரிய துரை காலத்து நிறம் தம்பி. அப்போது ஸ்டோர் கதவுகூட இதே நிறம்தான்" என்றார். பிறகு அந்தத் துரையைப் பற்றியும், காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் அந்தக் காலத்துப் பெரட்டைப் பற்றியும், அவருடைய அம்மா பால்வாளி சுமந்து வந்த வழியைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினார். காசளவு பச்சைதான் அவரை அவ்வளவு பேச வைத்தது. மற்ற இடமெல்லாம் புதுப் பெயின்ட் ஏறியபோதும் அந்த ஓரத்தை மட்டும் நான் விட்டுவைத்தேன்.

பாதுகாத்து வைக்கப்பட்ட நீராவி எஞ்சின்களைப் பற்றிப் பேச இந்த நிலையத்தார் என்னை அழைத்தபோது முதலில் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த ஓரம்தான். ஓடி ஓய்ந்த ஓர் எஞ்சினைக் கழுவி, துரு நீக்கி, மறுபடியும் வண்ணம் பூசும்போது ஒரு கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. எந்த ஆண்டின் நிறத்தைப் பூசுவது? நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உழைத்த எஞ்சின் பல நிறங்களையும் பல எண்களையும் கண்டிருக்கும், சில வேளைகளில் பல நாடுகளையும் கண்டிருக்கும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றவற்றை மூடுகிறோம்.

இங்கிலாந்தின் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1923இல் டான்காஸ்டர் பட்டறையில் பிறந்தது. இளம்பச்சை நிறமும் 1924இல் பெற்ற 4472 என்ற எண்ணுமாக உலகம் அறிந்த முகம் அது. ஆனால் போர்க் காலத்தில், 1943இல், அதற்குக் கறுப்பு அடித்தார்கள். போருக்குப் பிறகு எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1950களின் இறுதியில் ஒற்றைப் புகைபோக்கிக்குப் பதிலாக இரட்டைப் புகைபோக்கி வைத்தார்கள். அதனால் எஞ்சின் எளிதாக மூச்சு விட்டது. ஆனால் புகை வெளியேறும் வேகம் குறைந்து, கொதிகலனின் மேல் படிந்தபடி ஓட்டுநரின் கண்ணை மறைத்தது. ஆகவே 1961இல் இரு பக்கமும் புகையைத் தள்ளும் தகடுகளைப் பொருத்தினார்கள். அந்தத் தகடுகள் இருந்த காலத்தில் எஞ்சினின் நிறம் கரும்பச்சை, எண் 60103.

ஓய்வுக்குப் பிறகு வந்தவர்கள் சில ஆண்டுகள் இரட்டைப் புகைபோக்கியையும் தகடுகளையும் வைத்துக்கொண்டே பழைய இளம்பச்சையைப் பூசி, 4472 என்று எழுதி ஓட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் உழைத்த காலத்தில் ஒரு நாள்கூட அந்த எஞ்சின் அப்படி இருந்ததில்லை. உடம்பு 1961, சட்டை 1924. 2016இல் பெரும் பழுதுபார்ப்பு முடிந்து வெளியே வந்தபோது அதன் உடம்புக்குப் பொருத்தமான கரும்பச்சையையும் 60103ஐயும் திரும்பக் கொடுத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கு முன், 2011இல், அவர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிடவும் பிடித்தது. போர்க் காலக் கறுப்பைப் பூசி, ஒரு பக்கத்தில் 103 என்றும் மறுபக்கத்தில் 502 என்றும் எழுதிக் காட்சிக்கு வைத்தார்கள். 1946 என்ற ஒரே ஆண்டில் அந்த எஞ்சின் இரண்டு எண்களையும் சுமந்தது. சுற்றி நடந்து பார்க்கிறவருக்கு அந்த ஆண்டின் குழப்பம் முழுவதும் கண்ணில் பட்டிருக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1938 முதல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து மூன்று சிலிண்டர் கொண்ட பெரிய எஞ்சின்கள் மலாயாவுக்கு வந்தன. முதலில் அவற்றை 'ஓ' வகுப்பு என்றார்கள், பிறகு 56 வகுப்பு என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் நம் ஊர் ஒன்றின் பெயரை வைத்தார்கள். அவற்றுள் காப்பாற்றப்பட்டவற்றில் ஒன்றின் பெயர் தெமர்லோ, எண் 564.36. நம் பகாவிலிருந்து வடக்கே போகும் பாதையில் மெந்தகாப்பில் இறங்கினால் தெமர்லோ பக்கம்தான். அந்த எண்ணைக் கவனியுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வகுப்பு, மூன்றாவது அந்த வகுப்புக்குள் செய்த மாற்றத்தைக் குறிப்பது, புள்ளிக்குப் பின்னால் வருவது அதன் சொந்த எண். எண்பலகையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பெயின்ட் அடிக்கிறவர் அதில் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும் எஞ்சின் வேறொன்றாகிவிடும்.

இதையெல்லாம்விட என் மனத்தை விட்டு நீங்காத எஞ்சின் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. சி56 44 என்பது அதன் எண்.

அது 1936இல் கட்டப்பட்ட சிறிய எஞ்சின். கிளைப் பாதைகளில் ஓடுவதற்கென்று செய்த வகை. போர் வந்தபோது அந்த வகையில் 90 எஞ்சின்களை ஜப்பான் இராணுவம் எடுத்துக்கொண்டது. ஜப்பானில் தண்டவாளத்தின் அகலம் 1,067 மில்லிமீட்டர், இன்றைய தாய்லாந்தான சயாமிலும் பர்மாவிலும் 1,000 மில்லிமீட்டர். சக்கரங்களை நெருக்கி வைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். அவை போய்ச் சேர்ந்த இடத்தை நம் வீடுகளில் சயாம் மரண ரயில் என்று சொல்வோம். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள்.

அந்தப் பாதையை யார் போட்டார்கள் என்று இங்கே தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போர்க் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள். தண்டவாளமும் இங்கிருந்தே போனது. நம் கிழக்குக் கரைப் பாதையில் மெந்தகாப்புக்கு வடக்கே நெடுந்தூரத்துக்குத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப் பாதையையும் பெயர்த்தார்கள். என் அம்மாவின் அப்பா அந்தக் கூட்டத்தில் போனார். லயத்து வாசலில் நின்ற லாரியில் ஏறியவர் திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க முடியவில்லை. ஆடி அமாவாசையன்று பொதுவாகப் படைப்பதோடு சரி. என் பாட்டி கடைசி வரைக்கும் 'இறந்துவிட்டார்' என்ற சொல்லை அந்த வீட்டில் எவரையும் சொல்ல விட்டதில்லை.

சி56 44 போருக்குப் பிறகு தாய்லாந்து ரயில்வேயில் 735 என்ற எண்ணோடு ஓடியது. 1979இல் ஜப்பானுக்குத் திரும்பியது. ஓயிகாவா ரயில்வே என்ற சிறிய நிறுவனம் அதை மறுபடி நீராவியில் ஓட வைத்தது. பல ஆண்டுகள் அது கறுப்பு நிறத்தில், ஜப்பானைவிட்டு எங்குமே போகாத எஞ்சினைப்போல ஓடியது. பிறகு 2007இல், ஜப்பானுக்கும் தாய்லாந்துக்கும் உறவு ஏற்பட்டு 120 ஆண்டு நிறைந்ததையொட்டி, அதைத் தாய்லாந்துத் தோற்றத்துக்கு மாற்றி 735 என்ற எண்ணை மாட்டினார்கள். ஜப்பானிய மலைப் பள்ளத்தாக்கில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, தாய்லாந்து எஞ்சின் ஒன்று சில ஆண்டுகள் ஓடியது.

அந்தச் செய்தியை நான் படித்தபோது முதலில் மகிழ்ந்தேன். தான் எங்கே போனேன் என்பதை ஓர் எஞ்சின் தன் உடம்பில் எழுதிக்கொண்டு ஓடுகிறதே என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று உறைத்தது. 735 என்பது போருக்குப் பிந்திய எண், நட்பு மலர்ந்த பிறகு வந்த எண். 1936இன் கறுப்பும் வந்துவிட்டது, போருக்குப் பின் வந்த தாய்லாந்துக் கோலமும் வந்துவிட்டது. நடுவில் இருக்கும் அந்த மூன்று ஆண்டுகளை எவரும் பூசிப் பார்க்கவில்லை. என் தாத்தா இருந்தது அந்த மூன்று ஆண்டுகளுக்குள்தான்.

2015இல் அதே எஞ்சினுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, முன்னால் ஒரு முகத்தைப் பொருத்தி, குழந்தைகள் விரும்பும் கதை எஞ்சினாக ஓட்டினார்கள். குழந்தைகள் துள்ளுவதைப் படத்தில் பார்த்தேன். அந்தக் குழந்தைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. டிக்கெட் விற்றால்தான் கொதிகலன் உயிரோடு இருக்கும் என்பதும் ஃபிட்டருக்குத் தெரியும். இருந்தாலும், அந்த 90 எஞ்சின்களில் ஒன்றை அப்படி மாற்றும்போது, ஓட்டுநர் ஏறும் படிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பலகையாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த ஆண்டில் எங்கே போனது, அங்கே பாதை போட்டவர்கள் யார் என்று மூன்று வரி போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவை அந்தப் பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்கு அழைத்துப் போனேன். அங்கே போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல் நட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகப் பெயர், வயது, படைப்பிரிவு. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு கல்லையும் காட்டி, "இதில் என்ன பெயர் இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் வாசித்துக்கொண்டே வந்தேன். பத்துப் பதினைந்து கல்லுக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு அந்த ரயில் பாதையின் பாலத்தருகே நிறுத்தியிருந்த ஒரு பழைய எஞ்சினிடம் போனோம். நல்ல வெயில். அம்மா கைப்பிடிக் கம்பிக்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைத்தார். "இதுதான் அப்பாவை ஏற்றி வந்ததா?" என்று கேட்டார். இங்கிருந்து ஏற்றிப் போனது நம் நாட்டு எஞ்சின்களாகத்தான் இருக்கும், இந்த மாதிரி எஞ்சின்கள் அதற்கப்பால் ஓடியவை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வெயிலில் பல ஆண்டு நின்ற பெயின்ட் மாவாகிவிடும். அம்மா கையை எடுத்தபோது உள்ளங்கை முழுவதும் கறுப்பு மாவு ஒட்டியிருந்தது. ரேகைகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. கைக்குட்டையை நீட்டினேன். வாங்கவில்லை. அந்தக் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டே வேனில் உட்கார்ந்து வந்தார்.

அதிலிருந்து, எஞ்சினுக்கு வண்ணம் பூசுவதை நான் அலங்கார வேலையாக நினைப்பதில்லை.

நம் நாட்டிலும் ஆங்காங்கே பழைய எஞ்சின்களை மேடையில் நிறுத்தியிருக்கிறோம். விழாக் காலம் வந்தால் அவற்றுக்குப் பளபளவென்று புதுப் பெயின்ட் அடிக்கிறோம். அடிக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். முதலில் மணல் வீசிச் சுரண்டி இரும்பு வரைக்கும் போய்விடாதீர்கள். அப்படிப் போனால் அடியில் இருக்கும் எல்லா ஆண்டுகளும் தூசியாகப் பறந்துவிடும். யாருடைய கண்ணிலும் படாத ஓரிடத்தில், ஓட்டுநர் அறையின் உட்சுவரிலோ தண்ணீர்த் தொட்டியின் பின்புறத்திலோ, உள்ளங்கையளவு இடத்தை உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து வளையங்களைப் படம் எடுங்கள். அந்த இடத்தின் மேல் வார்னிஷ் மட்டும் பூசி அப்படியே விடுங்கள். மற்ற இடத்துக்கு எந்த ஆண்டின் நிறம் பொருந்தும் என்பதை, எஞ்சினின் உடம்பில் இன்று இருக்கும் பாகங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரே எஞ்சினுக்கு எல்லாக் காலத்துக்கும் ஒரே நிறம் என்று சட்டமும் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை பூசத்தானே போகிறோம். ஒவ்வொரு முறையும் அதன் வாழ்க்கையின் வேறொரு காலத்தை எடுத்துப் பூசலாம். போர்க் காலத்துக்கும் ஒரு முறை கொடுக்க வேண்டும். கண்ணுக்கு இதமாக இருக்காதுதான்.

பழைய படங்களை வைத்து நிறத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். படம் கறுப்பு வெள்ளை. அதிலும் அந்தக் காலத்துப் பிலிம் பலவற்றில் சிவப்பு கறுப்பாகவே விழும். படத்தில் கறுப்பாகத் தெரியும் முன்பட்டை, எஞ்சினின் முன்னால் குறுக்கே இருக்கும் சட்டம், உண்மையில் சிவப்பாக இருந்திருக்கலாம். படத்தைப் பார்த்து அது கறுப்பு என்று எழுதிவைத்தால் பிழை நூறாண்டு நிற்கும்.

அந்த எஞ்சின்களை நேரில் பார்த்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 1957இல்தான் இங்கே நெடுந்தூர ரயில்களை இழுக்கும் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் நீராவி ஓடியது. அன்றைக்குப் பத்து வயதில் பகாவ் நிலையத்திலோ கிம்மாஸிலோ நின்று எஞ்சினைப் பார்த்தவர்கள் இன்று நம் வீடுகளில் சாய்வு நாற்காலியில் இருக்கிறார்கள். செந்தூல் பட்டறையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்து ஆராங் நிலக்கரியை அள்ளிப் போட்டவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களிடம் கேளுங்கள். "எஞ்சின் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "பெரிதாக இருந்தது" என்று மட்டும் சொல்வார்கள். முன்பட்டை என்ன நிறம், எண் எந்த நிறத்தில் எழுதியிருந்தது, சக்கரத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு இருந்ததா, கொதிகலனைச் சுற்றி ஓடிய பட்டை பித்தளையா, வெறும் பெயின்ட்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சொல்வதை ஒரு தாளில் எழுதி, அவர்கள் பெயரையும் பார்த்த ஊரையும் ஆண்டையும் கீழே குறித்து வையுங்கள். இந்த நிலையத்துக்கு அனுப்பினால் என் கைக்கு வந்து சேரும்.

வணக்கம்.