400 சேக்கலுக்கு வாங்கிய குகை

நேயர்களுக்கு வணக்கம். யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றுக்கும் பொதுவான தலம் எது என்றால் எல்லோரும் எருசலேம் என்பார்கள். நான் இன்று அதற்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில், மேற்குக் கரையில் இருக்கும் எபிரோனைப் பற்றிப் பேசப்போகிறேன்.

அங்கே மக்பேலா என்றொரு குகை. மூன்று மதத்தாரும் தங்கள் தந்தை என்று கொண்டாடும் ஆபிரகாமின் கைக்கு அது வந்த கதை பைபிளில் ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது; யூதர்களின் தோராவிலும் அதேதான். ஆபிரகாமின் மனைவி சாராள் 127 வயதில் இறந்துபோகிறார். அடக்கம் செய்ய ஆபிரகாமுக்கு அந்த ஊரில் ஒரு பிடி மண் சொந்தமில்லை. நிலத்துக்காரர் எப்பெரோன், சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஆபிரகாம் ஒப்பவில்லை, விலை தருகிறேன் என்கிறார். உடனே எப்பெரோன், '400 சேக்கல் வெள்ளி பெறும் நிலம், நமக்குள் அதெல்லாம் என்ன' என்கிறாரே, நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இந்தப் பேச்சு நன்றாகப் புரியும்! ஆபிரகாம் பேரம் பேசாமல், ஊரார் முன்னிலையில் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார்; சேக்கல் என்பது அந்தக் கால எடை அளவு. நிலம், குகை, எல்லையில் நின்ற மரங்கள் என்று வரிசையாக வருவதைப் படித்தால் கிரயப் பத்திரம் படிப்பது போலவே இருக்கும்.

பின்னாளில் ஆபிரகாமும் அங்கேதான் அடக்கம். அடக்கம் செய்தவர்கள் அவருடைய மகன்கள்: ஈசாக்கும், வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட இஸ்மவேலும் சேர்ந்து. குர்ஆனில் நிலம் வாங்கிய கதை இல்லை. ஆனால் ஆபிரகாமை, அதாவது இப்ராஹீம் நபியை, அல்லாஹ் தன் நண்பராக ஆக்கிக்கொண்டான் என்று 4ஆம் அத்தியாயம் சொல்கிறது. முஸ்லிம்களுக்கு அந்தக் குகை இருக்கும் இடம் இப்ராஹீமி பள்ளிவாசல்.

யார் வாங்கினார் என்பதில் மூன்று மதத்தாருக்கும் தகராறு இல்லை. வாரிசு யார் என்பதில்தான் வழக்கு.

குகைக்கு மேல் நிற்கும் கல்மதில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யூதேயாவை ஆண்ட ஏரோது மன்னர் காலத்தது. அதற்குள் தேவாலயம், பள்ளிவாசல், சிலுவைப் போர்க் காலத்தில் மறுபடி தேவாலயம், அப்புறம் மறுபடி பள்ளிவாசல். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ் பிற மதத்தார் நுழையத் தடை போட்டார். யூதர்களுக்கு வெளிப்படிக்கட்டில் ஏழாவது படியோடு சரி. 1967இல் இஸ்ரேல் எபிரோனைப் பிடிக்கும் வரை இந்த நிலைதான்.

1929இல் எபிரோனில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1994 பிப்ரவரியில், ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை அதிகாலைத் தொழுகையில், யூதக் குடியேறி ஒருவன் சுட்டதில் 29 முஸ்லிம்கள் இறந்தார்கள். அதன்பின் கட்டடத்தையே பாகம் பிரித்துவிட்டார்கள். ஈசாக்கின் கூடம் முஸ்லிம்கள் பக்கம், ஈசாக்கின் மகன் யாக்கோபுடையது யூதர்கள் பக்கம். நடுவிலிருக்கும் ஆபிரகாமின் நினைவுச் சமாதியை இரு சாராரும் கம்பிச் சன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். ஆண்டில் 10 நாள் முழுக் கட்டடமும் யூதர்களுக்கு, 10 நாள் முஸ்லிம்களுக்கு.

கிறிஸ்தவர்கள் பாகம் கேட்பதில்லை. விசுவாசத்தாலே ஆபிரகாமின் பிள்ளைகள் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிவிட்டார். அவர்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது. எபிரோனுக்கு வருபவர்கள் மற்றச் சுற்றுலாப் பயணிகளோடு சோதனைச் சாவடியில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.