குளிர் நாட்டு ஊர்களும் கடலூர் நடைபாதையும்

(மஞ்சக்குப்பத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகராட்சி மேயர் அவர்களே, மாமன்ற உறுப்பினர்களே, நெடுஞ்சாலைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஐயா அவர்களே, நெய்வேலியிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் தொழிற்சங்கத் தோழர்களே, மருத்துவ நண்பர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். அரங்கம் தந்த நிர்வாகிகளுக்கும், ஒலிபெருக்கி அமைத்த தம்பிக்கும் என் நன்றி. மேயர் அவர்கள் கூட்டம் முடியும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்த அவைக்கு அது பெருமை.

குளிர் நாடுகளில் மக்களின் உடல்நலம் கெடாதபடி ஊரை எப்படி அமைக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. காற்று, வெயில், பனி என்று மூன்று தலைப்புகள் வைத்திருக்கிறேன். கடலூரில் உட்கார்ந்துகொண்டு உறைபனியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள் நம் பெரியவர்கள். தெருவில் நடக்கிறவரை வானிலையிடமிருந்து காப்பது ஊரின் கடமை என்று அந்த நாடுகளில் பல ஊர்கள் ஒப்புக்கொண்டுவிட்டன. நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் காற்று. வெப்பமானி மைனஸ் 10 டிகிரி காட்டும்போது காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், முகத்துக்கு அது மைனஸ் 20 போல உறைக்கும். அதே காற்றை 10 கிலோமீட்டருக்குக் குறைத்துவிட்டால் மைனஸ் 15 அளவில் நின்றுவிடும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஃபெர்மோன் என்றொரு இரும்புச் சுரங்க ஊர் உண்டு. 1970-களில் அங்கே ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே கட்டடத்தை மதில்போல எழுப்பினார்கள். வீடுகள், கடைகள், பள்ளி எல்லாம் அதற்குள்ளேயே. சின்ன வீடுகள் அதன் மறைவில் நிற்கின்றன. சுவீடனின் கிருனாவுக்கு 1900-ல் வரைபடம் போட்ட ஹால்மன், மலைச்சரிவின் போக்கிலேயே தெருக்களை வளைத்தார். நேர்த்தெருவில் காற்று தடையில்லாமல் ஓடும், வளைந்த தெருவில் வேகம் இழக்கும்.

மரவேலி போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. வேலியின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம்வரை அதன் மறைவு பலன் தரும். ஆனால் வேலி முழுச் சுவராக இருக்கக் கூடாது. பாதியளவு காற்று ஊடுருவிப் போக வேண்டும். முழுதும் அடைத்தால் காற்று மேலேறிக் குதித்து, மறுபுறம் சுழன்றடிக்கும். கடற்கரையில் சவுக்கு போட்டிருப்பவர்கள் இதைக் கண்ணால் கண்டிருப்பார்கள்.

அடுத்தது வெயில். கனடாவின் எட்மன்டனில் டிசம்பர் 21 அன்று உச்சிப்பொழுதில் சூரியன் தெற்கு அடிவானிலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 10 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் 43 மீட்டர் நீளும். அதே நாள், அதே நேரம், கடலூரில் அந்த நிழல் 7 மீட்டர்தான். அதனால் அவர்கள் சதுக்கத்தின் தென்புறத்தில் உயரமான கட்டடம் எழுப்ப யோசிப்பார்கள். எட்மன்டன் மாநகராட்சி குளிர்கால வடிவமைப்புக்கென்றே வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது: காற்றைத் தடு, வெயிலைப் பிடி, நிறம் பூசு, விளக்கு வை.

வெயிலைப் பிடிப்பது என்றதும் நார்வே நாட்டு ரியூகான் ஊரைச் சொல்லாமல் போக முடியாது. பொறுமையாகக் கேளுங்கள். இருபுறமும் மலை, நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு. நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து உரம் செய்வதற்காக நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் எழுப்பிய தொழிலாளர் ஊர் அது. நம் நெய்வேலித் தோழர்களுக்கு இது சட்டென்று புரியும். செப்டம்பர் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் போனால் மார்ச் நடுவில்தான் திரும்ப வரும். ஏறக்குறைய ஆறு மாதம் தெருவில் நேர்வெயில் விழாது. வெயிலின் அருமை நிழலில் தெரியும் என்று அவர்கள் நம் பழமொழியைத் திருப்பிப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்! மலைமேல் கண்ணாடி வைத்து வெயிலை ஊருக்குள் திருப்பலாம் என்ற யோசனை 1913-லேயே எழுந்தது. நிறுவனத்தின் தலைவர் சாம் ஐடேவுக்கும் அதில் ஆர்வம். ஆனால் சூரியனோடு கூடவே கண்ணாடியைத் திருப்பும் பொறி அன்றைக்கு இல்லை. விட்டார்களா? வெயிலை ஊருக்குக் கொண்டுவர முடியாவிட்டால் ஊரை வெயிலுக்குக் கொண்டுபோவோம் என்று 1928-ல் மலைமேல் ஏற ஒரு கம்பிவடப் பெட்டி அமைத்துக் கொடுத்தார்கள். தொழிலாளி அதில் ஏறிப் போய் முகத்தில் வெயில் வாங்கிக்கொண்டு இறங்கினான். பிறகு நூறாண்டு கழித்து, 2013-ல், ஊருக்கு 450 மீட்டர் மேலே மூன்று கண்ணாடிகள் வைத்தார்கள். ஒவ்வொன்றும் 17 சதுர மீட்டர். கணினி அவற்றைச் சூரியனின் நகர்வுக்கு ஏற்பத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. மூன்றும் சேர்ந்து சந்தைச் சதுக்கத்தில் ஏறத்தாழ 600 சதுர மீட்டருக்கு ஒளி விழுத்துகின்றன. சில ஆயிரம் பேர் வாழும் ஊர் அது. சதுக்கத்தில் நிற்கிறவர் முகத்தில் வெயில் பட வேண்டும் என்பதற்காக ஒரு நூற்றாண்டு விடாமல் பிடித்தார்கள். நடக்கிறவர் தலையில் நிழல் விழ நாம் எத்தனை ஆண்டு எடுத்துக்கொள்ளப் போகிறோம்?

பனிக்கு வருகிறேன். அங்கே தவறு நடப்பது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான். சாலையில் பனி வழிக்கும் வண்டி, வழித்த பனியை ஓரத்தில் தள்ளும். ஓரம் என்றால் நடைபாதை. சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மீட்டர் வெறும் பட்டையை விட்டு வைக்காத ஊரில், கார் சுகமாகப் போகும், மூதாட்டி சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவார். சுவீடனின் கார்ல்ஸ்கூகா நகராட்சி இதைக் கண்டு வரிசையையே மாற்றியது: நடைபாதையும் சைக்கிள் பாதையும் முதலில், பெருஞ்சாலை பிறகு. பின்லாந்தின் ஊலு நகரத்தில் பனிக்காலத்திலும் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே பாதையில் உப்பை அள்ளிக் கொட்டிச் சேறாக்குவதில்லை. பனியை அழுத்திக் கெட்டியாக்கி, மேலே சல்லி தூவுகிறார்கள். சறுக்காது.

கனடாவின் கால்கரியிலும் அமெரிக்காவின் மினியாபொலிஸிலும் வேறு வழி எடுத்தார்கள். கட்டடத்துக்குக் கட்டடம் முதல் மாடியில் கண்ணாடிப் பாலம். உள்ளே கதகதப்புதான். ஆனால் கடைகள் மேலே ஏறிவிட்டன, கீழே தெரு வெறிச்சோடியது, அலுவலகம் மூடும் நேரத்துக்குப் பிறகு பாலத்துக்கும் பூட்டு. தெருவைக் கைவிட்டு நடப்பவரைக் காக்க முடியாது என்பது என் கருத்து.

இனி நம் ஊர். மேயர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும், அதுவும் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் கடலூருக்கு நேர் உச்சியில் நிற்கும்போது நன்றாகவே தெரியும். அப்போது கட்டட நிழல் சுவரடியோடு சுருங்கிவிடும். மரத்தின் குடைதான் கதி. வடக்கு தெற்காக ஓடும் சாலையில் பிற்பகல் வெயில் முழுதும் கிழக்கு நடைபாதைமேல் சாயும். அந்தப் பக்கத்தில் மரத்தைச் சுற்றுச்சுவர் ஓரமாக நட்டால் நிழல் அடுத்தவர் தோட்டத்தில் விழும். சாலை விளிம்பில் நட்டால்தான் நடப்பவர்மேல் விழும்.

தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் நம் மரங்களைச் சாய்த்துப் போட்டதை யாரும் மறக்கவில்லை. மரமே வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. அடிமரம்வரை சிமென்ட் பூசினால் வேர் பரவாது. ஒரு பக்கக் கிளையை மட்டும் மின்கம்பிக்காக வெட்டினால் பாரம் மறுபக்கம் சாயும். அப்படிப்பட்ட மரம் எந்தப் புயலுக்கும் தாங்காது. குறைந்தது நான்கடிக்கு நான்கடி மண் திறந்திருக்கட்டும். உப்புக்காற்றுக்குப் பூவரசும் புன்னையும், உள்ளே தள்ளி வேம்பும் புங்கனும் ஏற்றவை.

நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், விளிம்புக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறையே சொல்கிறது. மின்மாற்றியும் விளம்பரப் பலகையும் அந்த அகலத்துக்குள் வரக் கூடாது. குளிர் நாட்டில் இரும்பு இருக்கை போட மாட்டார்கள், உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நாமும் போட வேண்டாம், மதியத்தில் சுடும். மரப்பலகை போதும்.

நம் கோரிக்கை இதுதான். அரசு மருத்துவமனைக்குப் போகும் சாலையில் முதலில் ஒரு கிலோமீட்டர். எட்டு மீட்டருக்கு ஒரு மரம் என்றால் இருபுறமும் சேர்த்து 250 மரங்கள். வடிகாலையும் கேபிளையும் முதலில் பதித்துவிட வேண்டும். பிறகு குழி, அதன் பிறகுதான் விளிம்புக்கல். வரிசை மாறினால் அடுத்த ஆண்டே மரத்தை வெட்டிக் கேபிள் போடுவார்கள். ஆளுயரக் கன்றாக ஐப்பசி முதல் மழையில் நட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஒப்பந்தத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும். இந்த விவரங்களோடு எழுதிய மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள், மேயர் அவர்களிடம் இன்றைக்கே கொடுத்துவிடுவோம். நன்றி, வணக்கம்.