எதுவும் போடாத தட்டு

வணக்கம் நேயர்களே. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் நடக்கும்போது ஒரு விவசாயியின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு மாத உழைப்பு அந்தக் கூட்டுக் குவியலில்தான் கிடக்கும்.

நான் விலங்கியல் ஆசிரியன். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உடலியங்கியல் என எந்தத் துறைப் பிள்ளை வந்து "ஆய்வுக்குத் தலைப்பு சொல்லுங்க சார்" என்று கேட்டாலும், "உங்க ஊர்ல யார் வீட்ல பட்டுப்புழு வளர்க்கிறாங்க?" என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

காரணம் இருக்கிறது. பால்புழு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். புழு உப்பி, அதை வளர்க்கும் தட்டின் ஓரத்தில் அலைந்து, தோல் கிழிந்து பால் போல் வடியும். இதைச் செய்வது ஒரு வைரஸ். அது வெளியில் இருக்கும்போது புரதத்தால் ஆன ஒரு படிகப் பெட்டிக்குள் பத்திரமாக ஒடுங்கிக் கிடக்கிறது. இலையோடு சேர்ந்து புழுவின் குடலுக்குள் போனதும் அந்தப் பெட்டி கரைகிறது. ஏன் அங்கே மட்டும்? பட்டுப்புழுவின் நடுக்குடல் காரத்தன்மை மிகுந்தது. அமில-கார அளவான பி.எச். 7-க்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். நம் வயிற்றில் அமிலம், புழுவின் குடலிலோ பி.எச். 10-ஐ ஒட்டி வரும். வைரஸ் நுண்ணுயிரியல், பெட்டி உயிர்வேதியியல், குடல் உடலியங்கியல். ஒரே புழுவுக்குள் மூன்று வகுப்பறை! நம் விவசாயிகள் தூவும் சுண்ணாம்புத் தூளும் காரம்தான். அது தட்டில் புழு கிடக்கும் இலைப் படுக்கையை உலர்த்துவதோடு, அந்தப் பெட்டியைப் புழுவுக்கு வெளியிலேயே கரைத்து வைரஸைப் பாதுகாப்பின்றி நிறுத்திவிடுகிறது. இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

கிருமியால் விலங்குக்கு நோய் வரும் என்பது முதன்முதலில் நிரூபணமானதே புழு மனையில், அதாவது புழு வளர்க்கும் கொட்டகையில்தான். புழு செத்து வெள்ளையாக இறுகிப்போகும் சுண்ணாம்புக்கட்டி நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை என்று இத்தாலியின் அகோஸ்தினோ பாஸி 1835-இல் எழுதினார். லூயி பாஸ்டர் 1865-இல் பிரான்சின் புழு வளர்ப்போர் ஊர்களுக்குப் போய் பெப்ரின் என்ற இன்னொரு பட்டுப்புழு நோயை ஆராயத் தொடங்கினார்.

பாலக்கோடு பக்கத்து மாணவி ஒருத்தி, ஓர் இலைச் சாறு பால்புழு நோயைத் தடுக்குமா என்று பார்த்தாள். மூன்று தட்டு வைத்தாள். ஒன்றில் வைரஸும் சாறும், ஒன்றில் வைரஸ் மட்டும், மூன்றாவதில் எதுவும் இல்லை. சித்திரை மாதம். மூன்று தட்டிலும் புழுக்கள் செத்தன. அழுதுகொண்டே வந்தாள். "அந்த மூணாவது தட்டை விட்டுட்டு எழுதலாமா சார்?"

கூடாது என்றேன். எதுவும் போடாத தட்டில் புழு செத்தால், அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி சாற்றைப் பற்றியதே இல்லை. மறுநாளிலிருந்து மனைக்குள் வெப்பமானி தொங்கியது. தகரக் கூரை. புழுவுக்கு 25 டிகிரியை ஒட்டி இருந்தால் சுகம். மதியம் அங்கே 35-ஐத் தாண்டியது. தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாத உயிர் அது. மனை கொதித்தால் அதுவும் கொதிக்கும். போட்ட தழையும் பகலுக்குள் வாடிப்போயிருந்தது. அவளுடைய ஆய்வேட்டில் சாற்றுக்கு ஒரு பக்கம்தான். மீதியெல்லாம் வெப்பக் குறிப்பு, மணிக்கணக்காக. நான் கையெழுத்திட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வேடு அது.

முடிவு சரியாக வரவில்லை என்று எண்களை மாற்றும் பழக்கம் மாணவரிடம் வந்துவிட்டால், அதை நம்பி மருந்து தெளிப்பவர் யாரோ ஒருவரின் அப்பாவாக இருப்பார். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பிள்ளை வந்து நோய்ப்புழு கேட்டால், "இதுல என்னம்மா இருக்கு" என்று விரட்டாதீர்கள். இறுக்க மூடிய டப்பாவில் போட்டுக் கொடுங்கள். மேலே தேதியையும், எத்தனையாவது தோலுரிப்பு முடிந்த புழு என்பதையும் எழுதுங்கள். கொடுத்துவிட்டு, மறக்காமல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மனைக்குள் போங்கள்.

நன்றி, வணக்கம்.