பிள்ளையின் அடக்கச் செலவு: இங்கிலாந்தில் கிடைக்கும் உதவி

(திரையில்: ஸ்வான்சீ நகரம். சரிவில் அடுக்கடுக்காக வீடுகள்.)

1989. வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரம். கரோலின் ஹாரிஸ் என்ற தாயின் மகன் மார்ட்டின், கார் மோதி இறந்துபோனான். வயது 8.

அடக்கச் செலவுக்கான பில் வந்தது. கட்டுவதற்கு அந்தத் தாயிடம் பணம் இல்லை. அக்கம்பக்கத்தார் வசூல் செய்து கொடுத்தார்கள். அதற்கு மேலும் கடன் வாங்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் எழவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்துதான் சாப்பாடு வரும். ஸ்வான்சீயில் அந்தத் தெருக்காரர்கள் செய்ததும் அதேதான். ஆனால் அக்கம்பக்கத்தார் யாரும் இல்லாத வீடு என்ன செய்யும்?

(திரையில்: நாடாளுமன்றக் கட்டடம்)

2015இல் கரோலின் ஹாரிஸ் நாடாளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டிலிருந்து இதை ஒரு கோரிக்கையாகவே எடுத்துப் பேசினார். அப்போது சில கவுன்சில்கள், அதாவது உள்ளூராட்சி மன்றங்கள், குழந்தைகளின் அடக்கத்துக்குக் கட்டணம் வாங்கவில்லை. சில கவுன்சில்கள் வாங்கின. எந்த ஊரில் குடியிருந்தோம் என்பதைப் பொறுத்து ஒரு தாய்க்குக் கடன் வந்தது, இன்னொரு தாய்க்கு வரவில்லை. இதில் என்ன நியாயம்?

வேல்ஸ் 2017இல் இந்தக் கட்டணங்களை நீக்கியது. 2018 ஏப்ரலில், ஈஸ்டர் நாளன்று, பிரதமர் தெரசா மே இங்கிலாந்துக்கும் ஒரு நிதியை அறிவித்தார். 2019 ஜூலை 23 அன்று ‘சில்ட்ரன்ஸ் ஃபியூனரல் ஃபண்ட்’ என்ற அந்தக் குழந்தைகள் இறுதிச்சடங்கு நிதி நடைமுறைக்கு வந்தது.

(திரையில்: ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி, பூக்கள்)

18 வயது நிரம்பாத எந்தப் பிள்ளைக்கும் இது உண்டு. 24 வாரங்களுக்குப் பிறகு வயிற்றிலேயே இறந்து பிறந்த குழந்தைக்கும் உண்டு. அடக்கம் அல்லது தகனம் இங்கிலாந்தில் நடக்க வேண்டும். அடக்கக் கட்டணம், தகனக் கட்டணம், அதற்கான டாக்டர் சான்றிதழ் செலவு எல்லாம் இதில் அடங்கும். பெட்டிக்கு 300 பவுண் வரை கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டில் என் மனதைத் தொட்டவை இரண்டு. ஒன்று, சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, பெரும்பாலும் பெற்றோர் படிவமே நிரப்ப வேண்டாம். கல்லறை நிர்வாகம், தகன நிலையம், இறுதிச்சடங்கை ஏற்பாடு செய்துதரும் ஃபியூனரல் டைரக்டர் ஆகியோரே அரசிடம் நேராகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரின் கையில் பில்லைத் திணிக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய உதவி!

ஸ்காட்லாந்திலும் கவுன்சில்கள் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கட்டணங்களை வாங்குவதில்லை. வட அயர்லாந்தில் வழி வேறு: 2022 ஜூனில் திட்டம் தொடங்கியபோது 3,056 பவுணை மொத்தமாகக் கொடுத்தார்கள்.

(திரையில்: சமையலறை மேசை, சில ரசீதுகள்)

ஆனால் எல்லாச் செலவும் இந்த நிதியில் அடங்காது. பூ, கார், ஐயருக்குத் தட்சணை, வந்தவர்களுக்குச் சாப்பாடு, பெயர் பொறித்த கல் எல்லாம் தனி. உடலை ஊருக்குக் கொண்டுபோய் அங்கே சடங்கு செய்வதற்கும் இந்த நிதி உதவாது. நம் குடும்பங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது இது.

அந்த மிச்சச் செலவில் அறக்கட்டளைகள் கைகொடுக்கின்றன. குழந்தைகளின் இறுதிச்சடங்குக்கென்றே உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் தாமே விண்ணப்பிப்பதைவிட, மருத்துவமனையின் துக்க ஆதரவு செவிலியர் அல்லது சமூகப் பணியாளர் வழியாகப் போவதுதான் பல இடங்களில் முறை. அதனால் அவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள். குழந்தைக்குத் தங்கள் உழைப்புக் கூலியே வேண்டாம் என்று சொல்லும் ஃபியூனரல் டைரக்டர்கள் இந்த நாட்டில் ஏராளம். அரசின் சில உதவித்தொகைகளில் வாழும் குடும்பம் என்றால் ‘ஃபியூனரல் எக்ஸ்பென்சஸ் பேமென்ட்’ என்ற இறுதிச்சடங்குச் செலவு உதவித்தொகைக்கும் தனியாக விண்ணப்பிக்கலாம்.

(திரையில்: தொலைபேசியைக் கையில் எடுக்கும் ஒருவர்)

இந்த வீடியோவைப் பார்க்கும் நீங்கள் அந்தப் பெற்றோராக இல்லாமல், அவர்களின் சித்தப்பாவாகவோ மாமியாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம். அப்படியானால் போனை நீங்கள் எடுங்கள். ஃபியூனரல் டைரக்டரிடம் முதலிலேயே கேளுங்கள்: “சில்ட்ரன்ஸ் ஃபியூனரல் ஃபண்டில் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்வீர்களா? குடும்பத்துக்குப் பில்லில் என்ன மிஞ்சும்?” பெட்டியைக் குடும்பமே வேறு கடையில் வாங்கியிருந்தால் ரசீதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். சடங்கு முடிந்து 6 மாதத்துக்குள் அந்தப் பணத்தைக் கேட்க வேண்டும். நாளைக் குறித்துக்கொள்ளும் பொறுப்பும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.